மூக்கைப் பிடிக்கும் நிக்கலஸ்

முதலில் மூக்கைப் பிடித்துவிட்டுத்தான் நிக்கலஸ் அண்ணை பெயரைக் கேட்பார். வலக்கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் உங்கள் மூக்கை இரண்டு பக்கமும் அமர்த்திக்கொள்ளும். இடக்கையில் ரப்பர்க் குழாய் காத்திருக்கும். "பேர்?" என்பார். நீங்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவராக இருந்தாலென்ன, கறுப்புக் கோட்டுப் போட்ட புரொக்டராக இருந்தாலென்ன, அடைபட்ட குரலில் உங்கள் பெயரை நீங்களே கொலைசெய்ய வேண்டியதுதான். நிலாம் என்ற இரும்புக்கடை முதலாளி ஒருவர் "டிலாப்" என்று சொல்லிவிட்டு வெட்கத்தில் கூனிப்போனதை நான் கண்ணால் கண்டேன். மூக்கைப் பிடிக்கவென்று சீமையிலிருந்து ஒரு கவ்வி வந்ததாம். வந்த வருடமே அது தொலைந்துபோனதாம். எப்படித் தொலைந்தது என்று கேட்டால் அண்ணை கூரையைப் பார்ப்பார்.

கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்கரின் பெரிய கோயிலுக்கு ஏறும் தெருவில், டொக்டர் ஸாலிஹின் டிஸ்பென்சரியில் அவருக்கு இதுதான் உத்தியோகம். டொக்டர் எடின்பரோவில் படித்து வந்து இந்த இடத்தை எடுத்து இரண்டு வருடம்தான் ஆகிறது. நிக்கலஸ் அண்ணை அதற்கு முன்னே இருபது வருடம் பழைய டொக்டரிடம் நின்றவர். மேசை கதிரையோடு சேர்ந்து கைமாறினார். ஐம்பத்து மூன்று வயது. வெள்ளைச் சாரம், கழுத்துவரை பொத்தான் பூட்டிய கோட்டு, வார் இல்லாத தோல் செருப்பு. கோட்டுப் பையில் பாதி குடித்து அணைத்த சுருட்டு ஒன்று எப்போதும் இருக்கும். விரல்களில் கார்போலிக் சவர்க்காரமும் சுருட்டும் சேர்ந்து மணக்கும். அந்த மணம் எனக்கு மனப்பாடம், ஏனென்றால் மாதம் ஒருமுறை என் மூக்கும் அந்த விரல்களுக்குள் போய் வருகிறது.

அவருடைய ஆயுதத்துக்கு ஊதுபெட்டி என்று பெயர். பெட்டியாவது, மண்ணாவது! தண்ணீர் நிறைந்த தகரப் பீப்பாய் ஒன்று; அதற்குள் கவிழ்த்து வைத்த இன்னொரு பீப்பாய்; மேலே கப்பியில் ஓடும் சங்கிலி; சங்கிலியின் மறுநுனியில் ஈயக் குண்டு. மூச்சை முட்ட இழுத்துக் குழாயில் ஊதினால் கவிழ்ந்த பீப்பாய் தண்ணீரை விட்டு எழும்பும். உங்கள் நெஞ்சு எவ்வளவு காற்றைத் தள்ளியது என்பதைப் பக்கத்துப் பித்தளைக் கோல் கன அங்குலத்தில் காட்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் நிக்கலஸ் அண்ணை பக்கத்தில் நிற்கும்போது அது ஒரு தேர்த்திருவிழா.

"ஊதும், ஊதும், ஊதும்! நிப்பாட்டாதேயும்! இன்னும் கிடக்கு, அடியில கிடக்கு, வழிச்சு ஊதும்!" சிங்களவர் வந்தால் "பிம்பின்ன, பிம்பின்ன, தவ, தவ!" பறங்கிச் சீமாட்டி வந்தால் "ப்ளோ மிஸிஸ், ப்ளோ!" மூன்று பாஷையிலும் ஒரே அலறல். எதிர்ப்பக்கத்துத் தேநீர்க் கடை ராசிக் நானாவுக்கு அதுதான் மணிச்சத்தம். முதல் "ஊதும்" கேட்டதும் கேத்தலை அடுப்பில் வைத்துவிடுவார். "ஊதிட்டு வாற மனிசன் தேத்தண்ணி குடிக்காமப் போன சரித்திரம் இல்ல" என்பார்.

சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஓர் அட்டவணை தொங்குகிறது. இன்ன உயரத்து ஆளுக்கு இத்தனை கன அங்குலம் என்று சீமையில் அச்சிட்டது. அதன்படி பார்த்தால் கொட்டாஞ்சேனை முழுவதும் நாளைக்கே சாகவேண்டும். "அது வெள்ளைக்காரப் பட்டாளத்தை நிப்பாட்டி அளந்தது தம்பி. எங்கட நெஞ்சு அவனுக்கு என்னெண்டு தெரியும்?" என்பார். அந்தச் சட்டத்துக்குக் கீழே சுவரில் பென்சிலால் அவர் எழுதியதுதான் உண்மையான அட்டவணை. இருபத்திரண்டு வருடத்து நெஞ்சுகள் அதில் இருக்கின்றன. களனியில் செங்கல் சூளையில் நிற்பவர், ஹெந்தளைப் பேக்கரிக்காரர், கோயில் பாடகர் குழு, எல்லோரும் உயரவாரியாக. எடின்பரோவில் படித்த டொக்டர் ஸாலிஹும் யாரையாவது பார்க்கும்போது முதலில் சட்டத்தைப் பார்ப்பார், பிறகு மெல்லக் குனிந்து சுவரைப் பார்ப்பார்.

கோல் காட்டும் கணக்கைவிடப் பீப்பாய் ஏறும் விதத்தைத்தான் அண்ணை கவனிப்பார். நான் இரண்டு வருடத்துக்கு முன் முதல்முதல் போனபோது பட்ட பயம் எனக்குத்தான் தெரியும். வெள்ளவத்தை என்று முகவரி எழுதினாலும் என் வீடு பாமன்கடைப் பக்கம். அங்கே அக்கம்பக்கத்தார் நான் இருமுவதைக் கேட்டுச் சயரோகம் என்று முடிவுகட்டி, தங்கள் பிள்ளைகளை எங்கள் வாசலுக்கு விடுவதை நிறுத்தியிருந்தார்கள். ரயிலேறிக் கோட்டையில் இறங்கி, மூச்சு வாங்க வாங்க நடந்துபோய் அந்தக் குழாயை வாயில் வைத்தேன். பீப்பாய் ஊர்ந்து ஊர்ந்து எழும்பியது, நிற்காமல் எழும்பிக்கொண்டே இருந்தது. ஆனால் உயரம் மட்டும் வரவில்லை.

"மாட்டு வண்டில்" என்றார் நிக்கலஸ் அண்ணை. நிற்காமல் ஊர்ந்து ஏறுவதற்கு அவர் வைத்த பெயர் அது.

டொக்டர் ஓர் ஊசி போட்டுக் கால் மணித்தியாலம் இருத்திவிட்டு மறுபடி ஊதச் சொன்னார். இந்தத் தடவை பீப்பாய் நாற்பது கன அங்குலம் கூடுதலாக ஏறியது. "பாரும், பாதை திறபட்டுட்டுது. உமக்குத் தொய்வு தம்பி, சும்மா மூச்சிழுப்பு. காத்துப் போற குழாய்தான் ஒடுக்கம். நெஞ்சுப்பை நல்லாக் கிடக்கு. சயம் எண்டு சொன்னவனை என்னட்டைக் கூட்டிக்கொண்டு வாரும், அவன்ரை மூக்கைப் பிடிக்கிறன்" என்றார். நான் அழுதேன். முப்பத்து நாலு வயது கிளாக்கர், கொட்டாஞ்சேனையில் ஒரு மர வாங்கில் உட்கார்ந்து அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை.

இன்னொரு விதமும் உண்டு. பீப்பாய் விறுக்கென்று ஏறும், பாதியில் சட்டென்று நின்றுவிடும். எவ்வளவு கத்தினாலும் அதற்குமேல் அசையாது. அதற்கு "மதில்" என்று பெயர். மதில் வந்தால் அண்ணை பகிடி விடமாட்டார். மூக்கை விட்டுவிட்டு, அந்த ஆளின் தோளில் கைபோட்டு, தாமே டொக்டரின் அறைவரை கூட்டிக்கொண்டு போவார்.

மற்றப்படி மனிதர் படு குறும்பு. துறைமுகத்து ஆட்கள் எத்தனை பீடி குடிக்கிறார்கள் என்று டொக்டர் கேட்டால் "எப்பவாச்சும் ஒண்டு" என்பார்கள். நிக்கலஸ் அண்ணை அவர்கள் காதுக்குள் ஒரு சங்கதி ஓதி வைத்திருக்கிறார்: "கவனம், பொய்க்காரனுக்கு இந்தப் பீப்பாய் ஏறாது." அவ்வளவுதான். குழாயை வாங்குமுன் பீடி, கள்ளு, போன கிழமை மச்சானோடு பிடித்த சண்டை, எல்லாம் வெளியில் வரும். சுவாமியாருக்குச் சொல்லாததை எல்லாம் இவருக்குச் சொல்லிவிட்டுத்தான் ஊதுகிறார்கள். அதில் வேண்டியதை மட்டும் டொக்டருக்குச் சொல்வார். மச்சான் சண்டையைத் தமக்கு வைத்துக்கொள்வார்.

ஒரே ஒரு தடவைதான் ஊதுபெட்டி அவரை ஏமாற்றியது. செட்டியார் தெருப் பக்கத்துக் கோயிலில் நாகசுரம் வாசிக்கும் உருத்திராபதி என்பவர் நெஞ்சு நோகிறதென்று வந்தார். மூக்கு நுனியில் சீழ் கோத்துப் பழுத்த கட்டு ஒன்று. "ஐயோ, தொட்டிடாதேங்கோ!" என்று அவர் கத்த, அண்ணையும் பாவம் பார்த்து மூக்கைப் பிடிக்காமல் விட்டார். உருத்திராபதி ஊதினார். நூற்றைம்பது, இருநூறு, இருநூற்றைம்பது. முந்நூறும் தாண்டிப் பீப்பாய் உச்சிக்குப் போய், சங்கிலி கப்பியை விட்டுக் கழன்று, பீப்பாய் சரிந்து, தண்ணீர் முழுதும் அண்ணையின் செருப்பில். உருத்திராபதியோ கண்ணை மூடிக்கொண்டு இன்னும் ஊதிக்கொண்டிருந்தார்.

"சேசு மரி சூசை!" என்று சிலுவை போட்டுக்கொண்டார் நிக்கலஸ் அண்ணை.

"இதில என்ன இருக்கு?" என்றார் நாகசுரக்காரர். "கன்னத்தில கொஞ்சக் காத்தை வைச்சுக்கொண்டு, அதை வாயால விடேக்க மூக்கால இழுக்கிறதுதான். சின்னனில பப்பாசிக் குழாயைக் கிண்ணத்துத் தண்ணிக்குள்ள விட்டு, குமிழி அறாமல் ஊதிப் பழகினது."

கட்டு ஆறியபிறகு அவரை வரவழைத்து, மூக்கை இறுக்கிப் பிடித்து ஊதவைத்தார், நூற்றறுபத்தைந்து. அதற்குப் பிறகு மூக்கில் கட்டு என்று யார் வந்தாலும் கட்டு உடைந்தபின் வரச் சொல்லிவிடுவார்.

இனி நான் சொல்லப்போவது அண்ணைக்குப் பிடிக்காது. சொல்லத்தான் போகிறேன்.

போன மார்கழியில் ஒருநாள் நாங்கள் இருவரும் அந்தத் தெருவில் சேர்ந்து ஏறினோம். பாதி ஏற்றத்தில் அவர் நின்று, "செருப்பு வாரைக் கட்டிப்போட்டு வாறன், நீர் நடவும்" என்று குனிந்தார். நானும் நடந்தேன். பத்தடி போனபிறகுதான் அவருடைய செருப்புக்கு வாரே இல்லையென்பது உறைத்தது. திரும்பிப் பார்த்தால், மனிதர் முழங்காலில் இரண்டு கையையும் ஊன்றி, வாயைத் திறந்து காற்றுக்கு அலைந்துகொண்டிருக்கிறார். நான் பார்ப்பதைக் கண்டதும் இல்லாத வாரை இறுக்கிக் கட்டினார்.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கண்ணிலும் காதிலும் பட்டது. பெரிய கோயிலில் கடைசி ஆமெனை எல்லோரும் விட்டபிறகும் இழுப்பவர், இப்போது எல்லோருக்கும் முன்னே நிறுத்திவிடுகிறாராம். "வழிச்சு ஊதும்" என்ற கத்தல் "ஊதும்" என்பதோடு நின்றுவிடுகிறது. ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி யோசெப்பின் அக்கா என்னை வாசலில் மறித்தார்.

"தம்பி, நீங்கள் ஒருக்காச் சொல்லுங்கோ. ரெண்டு மாசமாக் கதிரையில இருந்துகொண்டுதான் நித்திரை. படுத்தால் மூச்சு முட்டுதாம். ஊரெல்லாத்தையும் ஊத வைக்கிற மனிசன், தான் ஒருநாளும் ஊதிப் பார்த்ததில்லை. மதில் வந்திட்டால் என்ன செய்யிறது எண்டு பயப்பிடுறார். எனக்குச் சொல்லமாட்டார், ஆனால் எனக்குத் தெரியும்."

எனக்கும் தெரிந்தது. மதில் வந்தால் சயமாக இருக்கலாம். சயம் பிடித்தவரை எந்த டொக்டர் நோயாளிகளின் முகத்துக்கு முன்னால் நிற்கவிடுவார்? ஊதுபெட்டி போய்விடும். அதோடு அவரும் போய்விடுவார் என்று எனக்குப் பயம் வந்தது.

இந்தச் சமயம் பார்த்து டொக்டர் ஸாலிஹ் புதுச் சட்டம் போட்டார். நோயாளிகளோடு நிற்கிற எல்லோரும் வருடம் ஒருமுறை ஊதவேண்டும், தாம் உட்பட. சொன்ன அன்றே தாம் முதலில் ஊதினார். நிக்கலஸ் அண்ணை டொக்டரின் மூக்கைப் பிடித்த ஆசையைப் பார்க்கவேண்டும்! அடுத்தது மருந்து கலக்கும் பேர்னாட். அதற்கடுத்தது அண்ணை. தண்ணீர் மாற்றவேண்டும் என்றார். மறு கிழமை சங்கிலிக்கு எண்ணெய் போடவேண்டும் என்றார். அதற்கும் மறு கிழமை, தபசு தொடங்கும் சாம்பல் புதன் வந்தது. மனிதருக்குப் பெருநாள் வந்த மாதிரி.

"தபசு காலம் டொக்டர். நாப்பது நாளைக்கு எங்கட ஆக்கள் ஊதப்படாது."

டொக்டர் மரியாதையான முஸ்லிம் மனிதர். "அப்பிடியா? எனக்குத் தெரியாது நிக்கலஸ். நோம்பெண்டா நோம்புதான். ஒங்கட காலம் முடியட்டும்" என்று விட்டுவிட்டார். மருந்தறைக்குள் பேர்னாட் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். தபசு முழுதும் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கர் அத்தனை பேரையும் அண்ணை மூக்கைப் பிடித்து ஊதவைத்துக்கொண்டிருந்ததை டொக்டர் எப்படிக் கவனிக்காமல் விட்டாரோ! பெரிய வெள்ளிக்கு முந்தின கிழமை பேர்னாட்டுக்குத்தான் பொறுக்கவில்லை. "அப்பிடி ஒரு கட்டளை நான் ஞானோபதேசத்தில படிக்கேல்லை டொக்டர்" என்று போட்டுக்கொடுத்தார். டொக்டர் சிரித்தார். "பாஸ்குப் பெருநாள் முடிஞ்ச செவ்வாக்கெழம, நிக்கலஸ். இனிச் சாட்டு வாணாம்."

அந்தக் கிழமை மருந்து எடுக்கப் போன நான், போத்தல் கழுவப் பின்பக்கக் குழாயடிக்குப் போனேன். நிக்கலஸ் அண்ணை சுவர்ப்பக்கம் திரும்பிக் குந்தியிருந்தார். கையில் பித்தளைக் கிண்ணம். வாயில் பப்பாசிக் குழாய். கிண்ணத்துத் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, நின்றது, மறுபடி விட்டது. நான் சத்தம் காட்டாமல் வெறும் போத்தலோடு திரும்பிவிட்டேன். கள்ளன்! என்று மனசுக்குள் திட்டினேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பாஸ்கு முடிந்த செவ்வாய்க்கிழமை எனக்கும் முறை. நான் போகும்போது டொக்டர் ஊதுபெட்டிக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பேர்னாட்டும் மருந்தறையை விட்டு வந்து நின்றார். நிக்கலஸ் அண்ணை கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றி விட்டிருந்தார். அவர் கழுத்தை நான் அன்றுதான் கண்டேன். மூச்சை இழுக்கும் ஒவ்வொரு தடவையும் காறை எலும்புக்கு மேலே குழி விழுந்தது.

"மூக்கை ஆர் பிடிக்கிறது?" என்று கேட்டார் பேர்னாட்.

டொக்டர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "வயசுக்கு மூத்த மனிசன்ட மூக்க நான் எப்பிடிப் புடிக்கிற? நீங்களே புடிச்சிக்கோங்கோ நிக்கலஸ்."

அண்ணை தம் மூக்கைத் தாமே பிடித்தார். இரண்டு வருடமாக அந்த விரல்களுக்குள் இருந்தவன் நான். எது பிடி, எது பாசாங்கு என்று எனக்குத் தெரியும். பெருவிரலுக்கும் மூக்குக்கும் இடையில் கடிதாசி ஒன்று போய்வரும். குழாயை வாயில் வைத்து ஊதினார். பீப்பாய் மெல்ல மெல்ல நூற்றுப் பத்துவரை ஏறியது. அங்கே மூச்சு முடிந்துவிட்டது. கழுத்து நரம்பே சொன்னது. ஆனால் கன்னம் உப்பியது. மூக்குக்குள் ஒரு சின்னச் சீறல். பீப்பாய் நிற்கவில்லை. நூற்றிருபது, நூற்று நாற்பது, நூற்றறுபது.

"மாஷா அல்லாஹ், நல்லா ஈக்கிதே!" என்றார் டொக்டர்.

சொல்லவா, விடவா? சொன்னால் அவர் மானம் போகும். விட்டால் யோசெப்பின் அக்காவின் முகத்தில் எப்படி விழிப்பது? நிக்கலஸ் அண்ணை ஊதியபடியே பீப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொய்க்காரனுக்கு ஏறாது என்று ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு முன்னால் அது ஏறிக்கொண்டே இருந்தது.

நூற்று எழுபதில் அவர் குழாயை வாயிலிருந்து எடுத்தார்.

"இது சரியில்லை டொக்டர்."

"ஏன்? நல்லாத்தானே ஊதின?"

"இல்லை. மூக்குச் சரியாப் பிடிபடேல்லை. பீப்பாயை இறக்கும் பேர்னாட்." பிறகு என்னைப் பார்த்தார். "கதிர்காமநாதன், இஞ்ச வாரும்."

போனேன். என் வலக்கையை எடுத்தார். பெருவிரலையும் சுட்டுவிரலையும் பிரித்துத் தம் மூக்கில் வைத்தார். நான் சங்கோசத்தில் தொட்டும் தொடாமலும் நிற்க, என் விரல்களுக்கு மேல் தம் விரல்களை வைத்து இறுக்கினார். "வடிவாப் பிடியும். நான் உமக்குப் பிடிக்கிற மாதிரி" என்றார். அந்தக் குரல் அடைபட்டு வந்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

ஊதினார். எனக்கு வேறு என்ன தெரியும்? அவருடைய பாட்டையே நான் பாடினேன். "ஊதுங்கோ அண்ணை, ஊதுங்கோ! நிப்பாட்டாதேங்கோ! அடியில கிடக்கு, வழிச்சு ஊதுங்கோ!" குரல் புதிதாக இருக்கிறதே என்று ராசிக் நானா கேத்தலோடு எதிர் வாசலுக்கு வந்துவிட்டார். எழுபது. எண்பது. என் விரலுக்குள் அந்த மூக்கு நடுங்கியது. இதோ நிற்கப்போகிறது, மதில் வரப்போகிறது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது தொண்ணூற்றைந்து. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. ஊர்ந்து ஊர்ந்து, ஒரு மயிரிழை, இன்னொரு மயிரிழை. நூற்றுப் பன்னிரண்டில் அவர் மூச்சு அற்று மேசையைப் பிடித்துக்கொண்டபோதும் பீப்பாய் கொஞ்சம் அசைந்தது.

அண்ணையும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். மாட்டு வண்டில். சத்தியமாக மாட்டு வண்டில்!

டொக்டர் காதுக்குழலை வைத்து முதுகிலும் நெஞ்சிலும் நெடுநேரம் கேட்டார். "விசில் அடிக்கிது நிக்கலஸ். ஆஸ்மா மாதிரித்தான் ஈக்கிது. இப்ப ஊசி போடுறன். காமணித்தியாலம் போனதுக்குப் பொறகு திரும்ப ஊதினாத்தான் சரியாச் சொல்லலாம். அந்தச் சுருட்ட இஞ்ச தாங்கோ." சுருட்டு டொக்டரின் மேசைக்குப் போனது. அண்ணை கோட்டுக் கையைச் சுருட்டி ஊசியை வாங்கிக்கொண்டார். "காமணித்தியாலம் அசையாம இரிங்கோ" என்று சொல்லி டொக்டர் உள்ளே போனார்.

அண்ணை வாங்கில் இருந்தார். கோட்டுப் பையைத் தடவினார், சுருட்டு இல்லை. சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏதும் சொல்லப்போகிறாராக்கும் என்று நானும் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானேன். அவர் எழுந்தார். குழாயின் வாயை ஸ்பிரிட்டால் துடைத்தார். பீப்பாயைத் தண்ணீருக்குள் இறக்கி, சங்கிலியை ஒருமுறை சுண்டிப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்து, என் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"பேர்?"